கடல் தூண்டிலுக்கு மதுரையிலிருந்து போகிறவர்கள் ரீல் வாங்குவதற்கு முன் படிக்க

கேள்வி, 2025 ஜனவரி 6

திருநகரிலிருந்து எழுதுகிறேன். கண்மாயிலும் வைகை அணையிலும் தூண்டில் போட்டுப் பழக்கம் உண்டு, கடலில் இல்லை. பிப்ரவரியில் நான், மச்சான்கள் இருவர், பத்தாம் வகுப்பு படிக்கும் அக்காள் மகன் ஆக நான்கு பேர் தூத்துக்குடியில் வழிகாட்டியோடு படகு பேசி ஒரு நாள் கடலுக்குப் போகிறோம். நல்ல ராடும் (தூண்டில் கழி) ரீலும் (நூல் சுற்றும் கருவி) இருந்தால் மீன் தானாகக் கிடைக்கும் என்கிறார் பெரிய மச்சான். நாற்பதாயிரம் ஒதுக்கியிருக்கிறோம். எந்தக் கம்பெனி வாங்கலாம்?

பதில், ஜனவரி 6, இரவு

கம்பெனிப் பெயர் சொல்ல மாட்டேன். ஒன்றும் வாங்காதீர்கள்.

வழிகாட்டியோடு போகும் படகில் பெரும்பாலும் அவர்களே ராடும் ரீலும் தருவார்கள். இல்லை என்றால் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். மீன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை, உங்கள் ரீலின் வேலையும் இல்லை. கடலடியில் எங்கே பார் (பாறைத் திட்டு) இருக்கிறது, எத்தனை பாகம் (இரு கை விரித்த நீளம்) ஆழம், நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதெல்லாம் அந்த மனிதரின் தலைக்குள்ளும் ஜிபிஎஸ் கருவிக்குள்ளும் இருக்கிறது. அவர் கொண்டுபோய் நிறுத்தும் நேரத்தில் எழுந்து நிற்கக்கூடிய நிலையில் நீங்கள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நம் ஊரிலிருந்து போகும் கூட்டங்களில் நான் கண்டது என்னவென்றால், காலை ஒன்பது மணிக்குள் பாதிப் பேர் படகின் பலகையில் படுத்துவிடுகிறார்கள். பக்கத்தில் புது ரீல் நனையாமல் சாய்ந்து கிடக்கிறது.

தூக்கம், வயிறு, தண்ணீர், வெயில், அதற்குப் பிறகு தூண்டில். என் வரிசை இதுதான். மச்சானிடம் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டால் என்னிடம் அனுப்புங்கள்.

ஜனவரி 7

"தெரிந்த மீனவர் அண்ணன் ஒருவர் இருக்கிறார், டீசல் காசு கொடுத்தால் கூட்டிப்போவார், வழிகாட்டி எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த அண்ணனுக்குக் கடல் தெரியும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் மீன்பிடிப்புக்குப் பதிவான படகு வேறு, பயணிகளை ஏற்ற அனுமதி பெற்ற படகு வேறு. நடுக்கடலில் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தார் நிறுத்திக் கேட்டால் நீங்கள் ஊருக்கு வந்துவிடுவீர்கள், பதில் சொல்ல வேண்டியது அவர். உங்கள் ஒரு நாள் ஆசைக்காக அவர் பிழைப்பைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். விபத்து என்று வந்தால் காப்பீடும் பேசாது.

முன்பணம் அனுப்புவதற்கு முன் தொலைபேசியில் வெட்கப்படாமல் கேளுங்கள். ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, பையன் உடம்புக்குப் பொருந்தும் அளவு உண்டா? ஒரு இன்ஜின் நின்றால் இன்னொன்று இருக்கிறதா? கைபேசிக்குச் சிக்னல் போன பிறகு கரையோடு பேச வயர்லெஸ் இருக்கிறதா? எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போவாரா? டீசல், இரை, ஐஸ், மதியச் சாப்பாடு பேசிய தொகைக்குள் அடக்கமா? பிடிக்கிற மீன் யாருக்கு? இந்தக் கடைசிக் கேள்வியைக் கரையிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிகள் சிலர் பெரிய மீனைப் படம் எடுத்துவிட்டுக் கடலில் விடச் சொல்வார்கள், சிலர் பங்கு கேட்பார்கள். எட்டுக் கிலோ பாறை மீனைப் படகில் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சு இனிமையாக இருக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியம், காற்று சரியில்லை என்று அவர் பயணத்தை நிறுத்தினால் முன்பணம் என்ன ஆகும் என்பது. இதை எழுத்தில் வாங்குங்கள். நான் ஒரு தடவை வாய்ப்பேச்சை நம்பி, பணமும் போய், படகும் ஏறாமல், உப்பளத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினேன்.

ஆதார் அட்டை அசலாக இருக்கட்டும். 1554 கடலோரக் காவல்படையின் மீட்பு உதவி எண், 1093 கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண். இரண்டையும் வீட்டில் இருப்பவர்களிடமும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஜனவரி 7, மதியம்

ஒன்று விட்டுப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை கேட்காதீர்கள். தூத்துக்குடிக் கரையில் ஞாயிறு கோயிலுக்கான நாள், தொழிலுக்குப் போவதில்லை என்பது பழைய வழக்கம். நமக்கு விடுமுறை அன்றுதான் என்பது நம் பிரச்சினை. சனிக்கிழமையாகப் பேசுங்கள், வெள்ளி மாலையே கிளம்புங்கள்.

ஜனவரி 9

பிப்ரவரி என்று யார் சொன்னாரோ, நன்றாகச் சொல்லியிருக்கிறார். ஆனி, ஆடியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று பிடித்தால் மன்னார் வளைகுடா ஆடித் தீர்த்துவிடும், அந்த நேரத்தில் பாக் விரிகுடாப் பக்கம் அடங்கிக் கிடக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் நிலைமை தலைகீழ். பாம்பன்காரர்கள் தென்கடல், வடகடல் என்று பிரித்துப் பேசுவது இதனால்தான். தை பிற்பாதியிலிருந்து பங்குனி வரை தூத்துக்குடிக்கு நல்ல காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை விசைப்படகுகளுக்குத்தான் என்றாலும் நீங்கள் பேசும் படகு எந்தக் கணக்கில் வருகிறது என்பதைப் படகுக்காரர்தான் சொல்ல வேண்டும்.

மதுரைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வானத்தைப் பார்த்து மழை இல்லை என்றால் எல்லாம் சரி என்று முடிவு கட்டிவிடுவோம். கடலில் மழை இரண்டாம் பட்சம், காற்றுதான் எல்லாம். செய்தியில் "மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளில் மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்திலும்" என்று வாசிக்கும்போது தொலைக்காட்சியை மாற்றிவிடுகிறோமே, பயணத்துக்கு முந்தைய வாரம் அந்த வரிக்காகவே காத்திருங்கள். ஹைதராபாதில் இருக்கும் தேசியக் கடல்சார் தகவல் மையம் (இன்கோயிஸ் என்று தேடினால் கிடைக்கும்) அலை உயரத்தையும் முன்கூட்டியே வெளியிடுகிறது. அதில் உயரத்தை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், அலைக்கும் அலைக்கும் இடையில் எத்தனை வினாடி என்பதையும் பாருங்கள். ஒரு மீட்டர் அலை பத்து வினாடிக்கு ஒன்றாக வந்தால் படகு சும்மா ஏறி இறங்கும். அதே ஒரு மீட்டர் நாலு வினாடிக்கு ஒன்றாக வந்தால் இடுப்பு எலும்பு ஒவ்வொன்றும் பெயர் சொல்லிக் கூப்பிடும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு படகுக்காரர் "இன்று வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். கைபேசியைக் காட்டி அவரிடம் வாதாடாதீர்கள்.

ஜனவரி 12

ராமேஸ்வரத்தை ஏன் சொல்லவில்லை என்று இருவர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். மானாமதுரை, பரமக்குடி வழியாக 170 கிலோமீட்டர், புதிதாகப் போகிறவருக்குப் பாம்பன் பாலமே பாதிச் சந்தோஷம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான் கடல். எல்லைக் கோடு அதற்குள் எங்கோ ஓடுகிறது, தண்ணீரில் கோடு போட்டு வைக்கவில்லை. தொழிலுக்குப் போகிறவர்களே படகையும் இழந்து சிறைக்கும் போகிற இடத்தில் பொழுதுபோக்குக்கு நான் போக மாட்டேன். கரையை ஒட்டிக் காட்டுகிறவர் கிடைத்தால் உங்கள் விருப்பம்.

அந்தமான் போகலாமே என்றவருக்கு: போகலாம். பெரிய பாறை மீனைப் பிடித்துவிட்டுத் திரும்ப விடுவதற்காகவே வெளிநாட்டார் அங்கே வருகிறார்கள், படகும் வழிகாட்டியும் நன்கு பழகியவர்கள். ஆனால் கேள்வி கேட்டவரின் நாற்பதாயிரம் விமான டிக்கெட்டோடு தீர்ந்துவிடும்.

ஜனவரி 16

ஊரே அலங்காநல்லூரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, எனக்கு இன்று பட்டறை விடுமுறை. வாந்தியைப் பற்றி எழுத இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

கடல் நோவு கோழைகளுக்கு வருவது என்று சின்ன மச்சான் சொன்னாராமே. அவருக்குத்தான் முதலில் வரும். காதுக்குள் உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பகுதி இருக்கிறது. படகு ஆடுகிறது என்று அது மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ படகின் உட்பக்கத்தையே பார்த்துக்கொண்டு, எதுவும் அசையவில்லை என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட்டால் வழக்கு வயிற்றுக்குப் போகும். வீரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பல வருடம் கடலில் இருந்தவர்களே நீண்ட ஓய்வுக்குப் பிறகு முதல் நாள் தலைசுற்றுவதாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

இதற்கான தயாரிப்பு முந்தைய நாளே தொடங்குகிறது. இரவு ஒரு மணிக்கு மதுரையில் காரை எடுத்து, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாக விரட்டி, நாலு மணிக்கு நேராகப் படகில் ஏறுவதுதான் நம்மவர்களின் பழக்கம். தூக்கம் கெட்ட உடம்பை முதல் அலையே வீழ்த்திவிடும். நாற்பதாயிரத்தில் முதல் செலவு தூத்துக்குடியில் இரண்டு அறை. ஒன்பது மணிக்குப் படுங்கள். அங்கே இரவில் பொரித்த பரோட்டாவும் சால்னாவும் மணக்கும், கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிடுங்கள், திரும்பும்போது சாப்பிடலாம். மது வேண்டாம் என்பதைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது, பெரிய மச்சானை எனக்குத் தெரியாது, ஆனால் எல்லாப் பெரிய மச்சான்களையும் தெரியும்.

காலையில் வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், அதுவும் தப்பு. இரண்டு இட்லி, சட்னி இல்லாமல் கொஞ்சம் சர்க்கரை தொட்டு. காபி வேண்டாம். இஞ்சி மிட்டாய் சட்டைப் பையில் இருக்கட்டும்.

படகில் ஏறியதும் அணியத்தில் (முன்முனையில்) உட்கார்ந்தால் காற்று நன்றாக வரும் என்று அங்கே ஓடுவார்கள். படகிலேயே அதிகமாக ஏறி இறங்குகிற இடம் அதுதான். நடுவிலிருந்து பின்பக்கம்வரை உட்காருங்கள், ஆனால் இன்ஜின் புகை முகத்தில் அடிக்காத பக்கமாக. கண் தொடுவானத்தில் இருக்கட்டும். குனிந்து முள் கட்டுவதும் கைபேசியில் படம் பார்ப்பதும் பத்து நிமிடத்தில் ஆளைச் சாய்த்துவிடும். வாந்தி வந்தால் காற்று போகும் திசையில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எடுங்கள், எதிர்த் திசையில் எடுத்தால் நண்பர்கள் குறைவார்கள். எடுத்தபின் வாய் கொப்பளித்து, உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். வெட்கம் வேண்டாம், படகுக்காரர் இதைத் தினமும் பார்க்கிறார்.

ஜனவரி 19

மாத்திரை பற்றி எழுதாமல் விட்டது வேண்டுமென்றே. கேட்டதால் சொல்கிறேன். மருந்துக் கடையில் அவோமின் என்று கேட்டு வாங்குவது வழக்கம், டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின் வகைகளும் உண்டு. தலைசுற்றல் வந்த பிறகு விழுங்கினால் மாத்திரையும் மீனுக்கு இரையாகிவிடும், ஏறுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பாவது போட வேண்டும். கண் அழுத்த நோய், புராஸ்டேட் தொந்தரவு இருப்பவர்கள், வேறு மாத்திரை எடுப்பவர்கள், அந்தப் பையன், எல்லோரும் மருத்துவரைக் கேட்ட பிறகே.

இதில் யாரும் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. இந்த மாத்திரைகள் தூக்கம் வரவழைப்பவை. நாள் முழுக்க வெயிலும் அலையும் அடித்த உடம்பு, அதற்குள் மாத்திரை, பிறகு 140 கிலோமீட்டர் நான்குவழிச் சாலை. கடலில் பிழைத்தவர் எட்டயபுரம் தாண்டி ஸ்டியரிங்கில் கண்ணயர்ந்தார் என்றால் என்ன பயன்? ஓட்டுநர் வைத்துக்கொள்ளுங்கள். படகில் ஏறாமல் கரையில் தூங்குகிற ஓட்டுநர். நாற்பதாயிரத்தில் இரண்டாவது செலவு அது.

ஜனவரி 25

சரி, ராடும் ரீலும். இத்தனை பேர் கேட்டு ஓய்ந்த பிறகும் எழுதாமல் இருந்தால் எனக்கே தெரியவில்லை என்று நினைப்பீர்கள்.

கண்மாய் ரீலைக் கொண்டுபோகாதீர்கள். உப்பு நீர் அதை ஒரே வாரத்தில் தின்றுவிடும், மீன் ஓடும் ஓட்டத்துக்கு அதன் பிரேக்கும் (நூல் எவ்வளவு இறுக்கத்தில் வெளியே ஓடலாம் என்பதை வைக்கும் பகுதி) தாங்காது. வழிகாட்டி தரும் ரீலே போதும், ஆனால் அதைக் கையாள வீட்டிலேயே பழகலாம். எங்காவது ஒரு கடல் ரீலை இரவல் வாங்குங்கள். கெளுத்திக்கும் ஜிலேபிக்கும் நாம் பிரேக்கைத் தொட்டதே கிடையாது, கடலில் எல்லாமே அதில்தான் இருக்கிறது. நூலின் தாங்கு திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரேக்கை இறுக்கக் கூடாது என்பது பொதுவிதி. 40 பவுண்டு நூல் என்றால் ஏறத்தாழ 18 கிலோ, ஆக 6 கிலோவில் நூல் வழுக்கி ஓட வேண்டும். கையால் இழுத்துப் பார்த்து ஆறு கிலோ இருக்கும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். நான் கடைசல் பட்டறை வைத்திருப்பவன், கண்ணால் அளப்பதை நம்பினால் சோறு கிடைக்காது. பழைய பேப்பர்க்காரர் வைத்திருக்கும் தொங்கு தராசைக் கொக்கியில் மாட்டி, ராடைப் பிடித்துக்கொண்டு இழுத்துப் பாருங்கள். முதல் தடவை எல்லோருக்கும் ஆச்சரியம்தான்.

பிறகு மொட்டை மாடியில் அரை வாளித் தண்ணீரை நூலில் கட்டித் தரையோடு இழுத்துப் பழகுங்கள். ராடின் அடிப்பகுதி இடுப்பில் ஊன்றியிருக்க வேண்டும், நுனி வானத்தைப் பார்த்து நிமிரக் கூடாது, நிமிர்ந்தால் ஒடியும். ராடைத் தூக்கி, இறக்கும்போது மட்டும் சுற்ற வேண்டும். பத்து நிமிடத்தில் தோள்பட்டை எரியும். எரியட்டும், நடுக்கடலில் முதல் தடவையாக எரிவதைவிட நல்லது.

கண்மாய்ப் பழக்கத்தில் ஒன்று ஆபத்தானது. மீன் இழுத்ததும் நூலைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வோம் அல்லவா? பின்னல் நூலில் அதைச் செய்தால் விரல் அறுபடும். கையுறை போடுங்கள், நூலைச் சுற்றாதீர்கள், பையனுக்கு இதை மூன்று முறை சொல்லுங்கள்.

தூண்டில் முள் கையில் குத்துவது நடக்கும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். வாய் முள் (பின்னோக்கி நிற்கும் சிறு முள்) உள்ள தூண்டில் சதைக்குள் போய்விட்டால் வந்த வழியே பிடுங்காதீர்கள். ஆழமாக இருந்தால் நூலை வெட்டிவிட்டு அப்படியே மருத்துவமனைக்கு.

ஜனவரி 26

நேற்று எழுதியதில் பல்லுள்ள மீன்கள் விட்டுப்போயின. சீலாவும் ஊளியும் தங்கூசியை (நைலான் நூலை) ஒரே கடியில் நறுக்கிவிட்டுப் போகும், மீன் தப்பியது என்றுகூடத் தெரியாது, நூல் திடீரென்று லேசாகிவிடும். முள்ளுக்கு முன்னால் ஒரு சாண் எஃகுக் கம்பி கட்டினால் காக்கலாம். "கம்பி கட்டினால் மீன் கண்டுகொண்டு கடிக்காது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார், தெளிந்த தண்ணீரில் அதுவும் உண்மைதான். விளைமீன், கலவாவுக்குக் கம்பி வேண்டாம். எதை நோக்கிப் போகிறோம் என்று வழிகாட்டியைக் கேட்டுக் கட்டுங்கள்.

பிப்ரவரி 2

என்ன கொண்டுபோவது என்று பட்டியல் கேட்கிறார் கேள்வி கேட்டவரின் வீட்டம்மா. கேட்க வேண்டியவர் அவர்தான்.

ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர். முழுக்கைச் சட்டை, பருத்தியைவிடச் சீக்கிரம் உலரும் துணி நல்லது. கழுத்தில் கயிறு கட்டிய தொப்பி, கயிறு இல்லாத தொப்பி இலங்கைக்குப் போய்விடும். தண்ணீரின் பளபளப்பை மறைக்கும் போலராய்டு கண்ணாடி. முகத்துக்கும் காதுக்கும் புறங்கைக்கும் சன்ஸ்கிரீன், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. மதுரை வெயிலைப் பார்த்தவன் என்று மார்தட்ட வேண்டாம், அங்கே வெயில் மேலிருந்தும் வரும், தண்ணீரில் பட்டுக் கீழிருந்தும் வரும், ஒதுங்க ஒரு வேப்பமரம் கிடையாது. ரப்பர் அடி உள்ள செருப்பு, தோல் செருப்பு வழுக்கும். மாற்றுடை காரிலேயே இருக்கட்டும்.

சிறிய ஃபைபர் படகுகளில் கழிப்பறை இருக்காது. ஆண்கள் சிரித்துக்கொண்டே கடந்துவிடுகிறார்கள், பெண்களை அழைத்துப்போகிறவர்கள் கழிப்பறை உள்ள பெரிய படகாகவே பேச வேண்டும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து மயங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாழைப்பழம் கொண்டுபோனால் மீன் கிடைக்காது என்று ஒருவர் எச்சரித்திருக்கிறார். அது மேல்நாட்டுக்காரர்களின் நம்பிக்கை. நம் படகுகளில் பூசை போடும்போது வாழைப்பழம் இல்லாமலா? ஒரு சீப்பு கொண்டுபோங்கள், வாந்தி எடுத்த வயிற்றில் நிற்கிற உணவு அது ஒன்றுதான்.

பிப்ரவரி 5

"தீவுப் பக்கம் போனால் மீன் கொட்டிக்கிடக்குமாம்" என்கிறார் சின்ன மச்சான். கொட்டித்தான் கிடக்கும், ஏனென்றால் அங்கே பிடிக்கக் கூடாது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் 1986இல் கடல்வாழ் தேசியப் பூங்கா ஆயின. தூத்துக்குடிக்கு எதிரே தெரியும் வான் தீவு, காசுவாரித் தீவு எல்லாம் அதில் சேர்ந்தவை. அங்கே வளர்கிற மீன்தான் வெளியே வந்து உங்கள் தூண்டிலைக் கடிக்கிறது. உள்ளே போகலாம் என்று எந்த வழிகாட்டியாவது ஆசை காட்டினால் அந்த ஆளை மாற்றுங்கள், வேறு எதிலெல்லாம் இப்படிச் சுருக்குவழி பார்ப்பாரோ!

ஆமை, கடற்பசு, கடல்குதிரை, கடல் அட்டை எதையும் தொடக் கூடாது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. ஒரு பவளத் துண்டை ஞாபகத்துக்கு எடுத்துவருவதும் அதே சட்டம்தான்.

படகுக்குள் வந்துவிழும் மீனில் எதைத் தொடலாம் என்று வழிகாட்டியைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். கடல் கெளுத்தியின் முள்ளும் திருக்கை வாலும் குத்தினால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் அந்த இடத்தை முக்கி வைத்தால் வலி குறையும், பிறகு மருத்துவர். உப்பிப் பந்தாகும் பேத்தையைப் பார்த்துப் பையன் சிரிக்கட்டும், திரும்ப விட்டுவிடுங்கள். அதன் விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது.

பிப்ரவரி 8

ஐஸ்! இதை யாரும் கேட்கவே இல்லை. மீன் கிடைக்கும் என்று அவ்வளவு நம்பிக்கையோடு இருப்பவர்கள், கிடைத்த பிறகு என்ன செய்வது என்று யோசிக்க வேண்டாமா?

சூரையும் சீலாவும் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். எவ்வளவு நேரம் குழம்பில் கொதித்தாலும் அது போகாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடிக்கும். மீன் ஒவ்வாமை என்று நினைத்துக்கொள்வார்கள், குற்றவாளி ஐஸ் போடாத சோம்பேறித்தனம். மீன் எவ்வளவோ அவ்வளவு எடைக்கு உடைத்த ஐஸ் வேண்டும். படகிலேயே செவுளை வெட்டி ரத்தம் வடித்து, குடலை எடுத்து, வயிற்றுக்குள்ளும் ஐஸ் நிரப்பி அடுக்குங்கள். உருகின தண்ணீர் வெளியேறப் பெட்டியில் துளை இருக்கட்டும். அந்தத் தண்ணீர் காரின் டிக்கியில் இறங்கினால் ஆவணி வரை மணக்கும், அதனால் அடியில் ஒரு தட்டு.

மீனே கிடைக்காவிட்டால்? மதுரை கரிமேடு மீன் சந்தையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. நான் பெயர் சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 15

காலை நாலரைக்குப் படகடியில் போய் நின்ற பிறகு, காற்று திரும்பியிருக்கிறது, வேண்டாம் என்று படகுக்காரர் திருப்பி அனுப்பிவிட்டாராம். பெரிய மச்சான் கொதிக்கிறார். "கரையிலிருந்து பார்த்தால் கடல் அமைதியாகத்தான் இருந்தது" என்று எழுதியிருக்கிறார்.

மச்சானுக்கு நேராகவே சொல்கிறேன். அன்றையக் கூலியை வேண்டாம் என்று சொன்னவர் படகுக்காரர். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் சுற்றிக்காட்டிக் காசு வாங்கியிருக்கலாம், நீங்களும் சண்டை போட்டிருக்க மாட்டீர்கள். அடுத்த முறையும் அவரிடமே பேசுங்கள். முன்பணத்தை அடுத்த சனிக்கிழமைக்கு மாற்றித் தந்ததாகவும் அதே கடிதத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள், நாலாவது வரியில்.

பிப்ரவரி 24

போய்வந்திருக்கிறார்கள். அவர்கள் எழுதியதிலிருந்து எனக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விளைமீன் போதுமான அளவு, இரண்டு பாறை, ஒரு சின்னக் கலவா. சீலா ஒன்று கம்பி இல்லாத நூலை நறுக்கிவிட்டுப் போயிருக்கிறது. சின்ன மச்சான் ஏழு மணிக்குப் படுத்தவர் கரையில்தான் எழுந்திருக்கிறார். மாத்திரை வேண்டாம் என்றவரும் அவர்தான். பெரிய பாறையைப் பிடித்தது பையன், படகுக்காரர் கொடுத்த பழைய ராடில். வாளி இழுத்துப் பழகியவனும் அவன் ஒருவன்தான் என்கிறார் மாமா. இனி பொதுத்தேர்வு முடியும்வரை அவனிடம் யாரும் கடலைப் பற்றிப் பேசாதீர்கள், அவன் அம்மா என்னைத்தான் திட்டுவார்.

தயாரிப்பெல்லாம் செய்தும் சின்ன மச்சான் விழுந்தாரே, அப்படியானால் உங்கள் பேச்சு எதற்கு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நால்வரில் மூவர் மதியம் வரை நின்றிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது நல்ல கணக்கு.

மார்ச் 2

இப்போதுதான் உண்மை வெளியே வருகிறது. பெரிய மச்சான் யாருக்கும் சொல்லாமல் ரீல் வாங்கித்தான் வைத்திருந்தாராம். ஒரே நாளில் அது கரகரவென்று சத்தம் போடுகிறதாம், கம்பெனியைத் திட்டி எழுதச் சொல்கிறார்.

திரும்பிய மறுநாள் வண்டி கழுவும் கடையில் கொடுத்து அழுத்தமான பம்பில் அடித்துக் கழுவினேன் என்கிறாரே, வேறு என்ன ஆகும்? வெளியில் இருந்த உப்பு முழுவதும் அந்த வேகத்தில் உள்ளே போயிருக்கும். முதலில் பிரேக்கை இறுக்கி மூடிக்கொண்டு, குழாயில் மெல்லிய நீர் வழியவிட்டுக் கழுவ வேண்டும். துணியால் துடைத்து, பிரேக்கை மீண்டும் தளர்த்திவிட்டு, நிழலில் உலர்த்த வேண்டும். நூல் உருளும் சின்னச் சக்கரத்தில் ஒரு சொட்டு எண்ணெய். நூலையும் முழுவதும் உருவித் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், உப்பு அதற்குள்தான் அதிகம் தங்குகிறது.

கரகரப்பு வந்துவிட்டதால் இப்போது திறந்துதான் ஆக வேண்டும். வீட்டில் திருகாணியைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள், உள்ளே நெல்மணி அளவு ஒரு வில் இருக்கிறது, துள்ளினால் கிடைக்காது. செவ்வாய்க்கிழமை பட்டறைக்குக் கொண்டுவரட்டும். பில் இருந்தால் அதையும்.